தனித் தட்டு

என் மகள் ஹிஃப்ஸாவைப் புருஷன் வீட்டுக்குத் திருப்பி அனுப்புவதா, இல்லை என்னோடு கீழக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவதா என்று முடிவு சொல்லத்தான் என்னைத் துபாய்க்கு அனுப்பினார்கள். "நீ போய்ப் பார்த்துச் சொல்லு அஸ்மத். நீ சொல்றதுதான்" என்றார் என் வீட்டுக்காரர். கேட்பதற்குப் பெரிய மனது போல இருக்கும். உண்மையில் அவருக்கு இந்தப் பேச்சே அலுத்துவிட்டது. எனக்கு மட்டும் அலுக்காதா?

வந்த நாளிலிருந்து கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஹிஃப்ஸா ஷார்ஜாவில் ஒரு சிநேகிதியின் ரூமில் இருக்கிறாள். மருமகன் ராஜிக் அடிக்கிறாரா? இல்லை. கெட்ட பழக்கம் ஏதாவது? இல்லை. வேறு பெண்? இல்லவே இல்லை. பிறகு என்னதான் உனக்கு?

"களைப்பா இருக்கு உம்மா."

எப்படிக் கேட்டாலும் இதுதான் பதில். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. புருஷன் வீட்டில் இருந்தவரை ஆபீஸ் போனாள், வந்து ஆக்கினாள், கூடவே தங்கியிருக்கும் கொழுந்தன்மாருக்கும் சேர்த்துத் துவைத்துப் போட்டாள். ஊரில் எந்தப் பெண் செய்யாததைச் செய்துவிட்டாள்? களைப்பு என்று ஊர்ப் பெரியவர்களின் ஜமாஅத்தில் போய்ச் சொன்னால் சிரிக்க மாட்டார்களா? 'நல்ல பிள்ளை அவர், போய் ஒழுங்கா இரு' என்று சொல்லி முடித்துவிட்டு, ஊருக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்க வேண்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

அப்போதுதான் ராஜிக் போன் செய்தார். மூன்று பேருமாக வெளியே சாப்பிட்டுக்கொண்டே மனம் விட்டுப் பேசலாம் என்றார். பாவம், விட்டுக்கொடுத்துப் போகிற பிள்ளை என்று நினைத்தேன். போய் வந்தபின் முடிவைச் சொல்லிவிடுவதாக வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு, அந்தி மஃரிப் தொழுகையை முடித்துக் கிளம்பினேன்.

அது ஒரு ஜப்பான் சாப்பாட்டுக்கடை. கடை என்றால் மருமகனுக்கு வருத்தம் வரும். பெரிய ஹோட்டலின் மாடியில், இழைத்த மரத்தில் நீளமாக ஒரு மேடை, அதன் முன்னால் எட்டே நாற்காலிகள். மேடைக்கு அந்தப் பக்கம் வெள்ளை அங்கியில் சமையல்காரர். மெனு என்று ஒன்று கிடையாது. அவர் எதைத் தருகிறாரோ அதை, அவர் தருகிற வரிசையில் தின்ன வேண்டும். இதற்கு மாமியார் வீடே போதுமே என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"எல்லாம் ஹலால்தான் மாமி. மது ஒரு சொட்டு சேர்க்க மாட்டாங்க, போன் போட்டுக் கேட்டுட்டேன்" என்றார் ராஜிக். நான் ஓரத்தில், பக்கத்தில் ஹிஃப்ஸா, அவளுக்கு அந்தப் பக்கம் அவர். ஹிஃப்ஸாவின் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. அன்றைக்கும் ஆபீஸிலிருந்து நேரே வந்திருந்தாள்.

முதலில் ஒரு மடக்கு சூப். பிறகு சின்னக் கிண்ணத்தில் ஆடுகிற முட்டை. அதன் பிறகுதான் மீன் வந்தது, பச்சையாக. கீழக்கரைக்காரிக்குப் பச்சை மீன் தின்னக் கொடுக்கக் கடல் தாண்டி அழைத்து வந்திருக்கிறார்கள்!

"காலையிலதான் ஜப்பான்லேருந்து ஃப்ளைட்ல வந்திருக்கு மாமி."

நானும் ஃப்ளைட்டில்தான் வந்தேன், என்னை யாரும் இப்படி மெச்சவில்லை.

விரல் நீளத்துக்குச் சோற்று உருண்டை, மேலே ஒரு மீன் துண்டு. ஆளுக்கு ஒரு கறுப்புக் கல் தட்டு. சமையல்காரர் உருண்டை பிடித்து அதில் ஒன்றே ஒன்று வைப்பார். வைத்தவுடன் கையால் எடுத்து ஒரே வாயில் போட்டுக்கொள்ள வேண்டுமாம். கையால் என்றதும் எனக்கு அந்த மனிதரைப் பிடித்துப்போனது. பிஸ்மி சொல்லி வாயில் போட்டேன். மோசமில்லை.

ஹிஃப்ஸா தன் துண்டைத் தின்னவில்லை. விரல் நுனியால் மெல்ல ராஜிக்கின் தட்டுக்குத் தள்ளினாள். அவர் பேச்சை நிறுத்தாமல் எடுத்துப் போட்டுக்கொண்டார்.

எனக்கு முதலில் எதுவும் உறைக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பழக்கம் அது. சோறு பரப்பிய ஒரே பெரிய சஹன் தட்டைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தால், நல்ல கறித்துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடுவோம். அவர் வேறொன்றை நம் பக்கம் தள்ளுவார். கடைசியில் யார் எவ்வளவு தின்றார் என்று யாருக்கும் தெரியாது.

இங்கே தட்டு தனித்தனி. எல்லாமே தெரிந்தது.

அடுத்த மீன் வந்தது. அவள் தள்ளினாள், அவர் தின்றார். அதற்கடுத்ததும் அப்படியே. அவர் பக்கத்திலிருந்து ஒன்றுகூட இந்தப் பக்கம் வரவில்லை. அவர் கெட்டவர் இல்லை. புது வீடு பார்த்திருப்பதைப் பற்றியும், தம்பிமாருக்கும் அங்கே தனி ரூம் இருப்பதைப் பற்றியும் என்னிடம் ஆசையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு இறால் வந்தது. ஹிஃப்ஸாவுக்கு இறால் என்றால் உயிர். சின்ன வயதில் சட்டியைக் கட்டிக்கொண்டு அழுவாள். அதையும் தள்ளினாள். அதுவும் போனது.

சமையல்காரர் கையைத் துடைத்துக்கொண்டு அவளிடம் ஏதோ கேட்டார்.

"என்னவாம்?" என்றேன்.

"இறால் பிடிக்காதான்னு கேக்குறாரு உம்மா. பிடிக்கும்னேன்."

அவர் இன்னொரு இறாலை எடுத்து, இன்னொரு உருண்டை பிடித்து, அவள் தட்டில் மட்டும் வைத்தார். உள்ளங்கையை அவள் பக்கம் நீட்டி, இது உனக்கு என்று காட்டினார்.

ஹிஃப்ஸாவின் விரல் மறுபடியும் தட்டுக்குப் போனது. அவள் மனம் அதில் இல்லை, விரல் மட்டும் தானாகப் போனது. நான் பார்த்தது அதை அல்ல. அவள் தள்ளுவதற்கு முன்பே, முகத்தை என் பக்கம் வைத்துப் பேசிக்கொண்டே, ராஜிக்கின் கை அவள் தட்டுக்கு வந்திருந்தது.

மகளின் மணிக்கட்டைப் பிடித்தேன். எலும்புதான் கையில் தட்டியது.

"நீ தின்னு."

"உம்மா..."

"தின்னு புள்ளே."

அவள் எடுத்து வாயில் போட்டாள். மெல்ல மெல்லக் கண் நிறைந்தது. சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு கத்தியைத் துடைத்தார். ராஜிக்கின் கை அந்த வெறும் தட்டுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"என்ன மாமி நீங்க?" என்று சிரித்தார். "எனக்குக் குடுத்தாத்தான் அவளுக்குத் திருப்தி. எப்பவும் அப்படித்தான். இப்போ சொல்லுங்க, எப்போ கூட்டிட்டுப் போகட்டும்?"

அவள் கையை நான் விடவில்லை.

"அவளுக்குக் களைப்பா இருக்கு மாப்பிள்ளை" என்றேன்.