சும்மா இருந்தவர்களுக்கு வந்த அழுகை

சின்னவளுக்கு வரவேண்டிய அழுகை, அப்பா இறந்த அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை அவள் அலுவலகக் காவலாளிக்கு வந்தது. வாசலில் சும்மா உட்கார்ந்திருந்த மனிதர், பார்த்தே இராத ஒருவரை நினைத்து "அப்பா, அப்பா" என்று தேம்பிவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டைத் திறக்கப் போனார்.

சின்னவள் மருத்துவமனைகளுக்கு மென்பொருள் எழுதுகிறவள். இப்போதைக்கு வேண்டாத வேலையை நேரம் குறித்துத் தள்ளிவைப்பதும், நேரம் வந்ததும் கணினிக்குள் வேலை பார்க்கும் இழைகளில் எது சும்மா இருக்கிறதோ அதன் தலையில் கட்டுவதும்தான் அவள் பிழைப்பு. இழைகள் கூலியாட்கள் மாதிரி. யாருடைய வேலை என்று கேட்காமல் செய்துவிடும். அப்பா போன அன்று பார்த்து எல்லா இழைகளும் ஒன்றுக்காக ஒன்று காத்துக்கொண்டு ஸ்தம்பித்து நின்றன. நோயாளிகள் யாருக்கும் மருந்து நேரத்தை நினைவூட்டும் செய்தி போகவில்லை. அடக்கம் முடிந்து வந்த கையோடு மடிக்கணினியைத் திறந்தவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இப்ப வேண்டாம். செவ்வாய்க்கிழமை பாத்துக்கலாம்" என்று வாய்விட்டே சொன்னாள். அழுகையும் சரியென்று போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை அவளுக்கு மூச்சுவிட நேரமில்லை. அதனால்தான் காவலாளி அழுதார். அதன்பின் லிஃப்டுக்காக நின்ற கணக்காளர் அழுதார். வியாபாரம் இல்லாத மதியத்தில் எதிர்ப் பூக்கடைக்காரி அழுதாள். கூட்டம் தொடங்கக் காத்திருந்த மேலாளர், "சைக்கிள்ல முன்னாடி உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போவாரே" என்று விம்மினார். அவருடைய அப்பா வீட்டில் திடமாக இருந்தார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

அக்காவுக்குத்தான் மனசு ஆறவில்லை.

"ஊர்ல இருக்கிறவன் எல்லாம் நம்ம அப்பாவுக்கு அழுதாச்சு. உனக்கு ஒரு சொட்டு வரலியேடி?"

"வேலை ஓயலக்கா."

"நீ ஓய விட்டாத்தானே!"

மடிக்கணினியை மூடி, போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டு, அக்கா அவளைப் பால்கனியில் உட்கார வைத்தாள். கொடியில் கிடந்த துணிகளைக்கூட மடிக்க விடவில்லை. வெயில் சுவரைவிட்டு இறங்குவதற்குள் மிச்சமிருந்த அழுகை மொத்தமும் வந்து சேர்ந்தது. சின்னவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கதறினாள். அக்காவும் சும்மாதான் இருந்தாள்; ஆகவே பாதியை அவள் வாங்கிக்கொண்டாள்.

அந்த அலுவலகத்தில் வேறு பலரும் பிற்பாடு இப்படி அழுகையைத் தள்ளிவைத்தார்கள். யாராவது திடீரென்று அழுதால் பக்கத்து நாற்காலிக்காரர், "யாரோடது?" என்று கேட்பார். தெரியவில்லை என்று தலையசைத்தால், தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்துவிட்டு, அவர் அழுது முடிக்கும்வரை அவருடைய வேலையையும் சேர்த்துப் பார்ப்பார்.