ஊசிமுனைச் சுடர்

1

இந்தக் கதை ஆறிப்போன ஒரு டம்ளர் டீயிலிருந்து வந்தது. என் மனைவி சொர்ணம் கல்லூரியில் இயற்பியல் எடுக்கிறவள். புதுக்கோட்டையில் ஆசிரியர்களுக்கான முகாமில் செய்முறை காட்டப் போனவள் பொழுது சாய்ந்துதான் திரும்பினாள். டீயைத் தொடாமல், "இன்னைக்கு ஆஃபியா வந்திருந்தாங்க... வந்திருந்தா" என்றாள். அந்த இரண்டு சொல்லுக்கும் நடுவில் அவள் திணறியதைக் கேட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

'மின்னூட்டம் பெற்ற கடத்தியைச் சுற்றிலும் கண்ணுக்குத் தெரியாத...' வேண்டாம், பாடப்புத்தக வாடை.

எம்.எஸ்ஸி. படிக்கையில் சொர்ணமும் கட்டுமாவடி ஆஃபியாவும் ஒரே மேசை. ஒருபக்கம் உருண்டு மறுபக்கம் கூராக, பேரிக்காய் மாதிரி ஒரு உலோகக் கலம். அதற்கு மின்னூட்டம் கொடுத்துச் சுற்றிலும் மின்னழுத்தத்தை அளக்க வேண்டும்.

(வெறும் காற்றில் எப்படி அளப்பது என்று நானும் கேட்டேன். ஊசிமுனையில் துளியூண்டு எரிவாயுச் சுடர். ஊசியிலிருந்து எலக்ட்ரோஸ்கோப்புக்கு ஒரு கம்பி. சுடர் பக்கத்துக் காற்றில் மின்னூட்டம் நகர வழிசெய்யும். ஊசி தான் நிற்கிற இடத்தின் அழுத்தத்துக்கே வந்துவிடும். எவ்வளவு அழுத்தமோ அதற்கேற்றபடி எலக்ட்ரோஸ்கோப்பின் தங்க இலை விரியும்.)

"கூரான எடத்துலதாண்டி அழுத்தம் அதிகமா இருக்கும்" என்றாள் ஆஃபியா.

"மின்னூட்டந்தான் அங்க நெருக்கம். அழுத்தம் கலம் முழுக்க ஒண்ணுதான்."

"அளந்துட்டுப் பேசு."

சுடர் அணையாமலிருக்க ஃபேனை நிறுத்திவிட்டு வியர்த்து வழிவார்கள். ஒருத்தி ஊசியைப் பிடிப்பாள், ஒருத்தி இலையைப் பார்ப்பாள். கலத்தைவிட்டு விலக விலக இலை தணிவதை அளந்து முடித்தார்கள். அந்த மதியங்களைப் பற்றிச் சொல்லும்போது சொர்ணத்தின் குரலே வேறு.

கலத்தின் மேற்பரப்பு மட்டும் பாக்கி. மறுநாள் ஆஃபியா வரவில்லை. அவளுடைய அத்தாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவாள்) பக்கவாதம். மூத்த பிள்ளை அவள். அத்தாவின் மீன் ஏலக்கடை அவள் தலையில் விழுந்தது. படிப்பு நின்றது. சொர்ணம் கட்டுமாவடிக்குப் பஸ் ஏறிப் போனாள். வீட்டில் இல்லை என்றார்கள். திரும்பிவிட்டாள். அந்தச் சோதனையை அவள் தனியாகச் செய்யவில்லை.

3

இந்த இடத்தில் ஆஃபியாவை நான் நம்பவில்லை. அவ்வளவு நெருங்கினவள் அப்புறமாவது ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டாளா? சொர்ணத்திடமே கேட்டேன்.

"பரிதாபப்பட்டு வந்திருக்கேன்னு நெனச்சிருப்பா. அவளுக்கு அது ஆகாது."

அப்படியானால் சரி. எழுதலாம்.

4

முகாமில் இரண்டாம் வரிசையில் ஆஃபியா. பிறகு பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் வேலையாம். "வணக்கம் மேடம்" என்றாள், முன்பின் தெரியாதவள் போல.

மேசையில் அதே மாதிரிப் பேரிக்காய்க் கலத்தை வைத்து, எங்கே அழுத்தம் அதிகம் என்று சொர்ணம் கேட்டாள். கூர்முனையில்தான் என்று அரங்கமே சொன்னது. ஆஃபியா மட்டும் கலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க வாங்க" என்று ஊசியை நீட்டினாள் சொர்ணம்.

ஆஃபியா வாங்கின வேகத்தில் சுடர் அணைந்தது. சொர்ணம் மறுபடி ஏற்றினாள். உருண்ட பக்கம், இடுப்பு, கூர்முனை என்று கலத்தை ஒட்டியே சுடர் போனது. விரிந்த இலை விரிந்தபடியே நின்றது.

"போடி, நீ சொன்னதுதான் சரி!" என்றாள் ஆஃபியா. அரங்கம் சிரித்தது.

(இங்கே இருவரும் கட்டிப்பிடித்து அழுததாக எழுதியிருந்தேன். சொர்ணம் அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டாள்.)

5

முகாம் முடிந்து பஸ் ஸ்டாண்டில்:

"அன்னைக்கு நான் வீட்டுக்குள்ளதான் இருந்தேன்."

"தெரியும். ஒஞ்செருப்பு வாசல்ல கெடந்துச்சு."

"பெறகு ஏண்டி திரும்பிப் போன?"

இதற்குச் சொர்ணத்தின் பதில்தான் கதையின் முடிவு. 'நீ கூப்பிடுவேன்னு நின்னேன்' என்று எழுதினேன். "அவ்வளவு நேரமெல்லாம் நிக்கல" என்றாள். 'கோவம்' என்று மாற்றினேன். "கோவமில்லைங்க."

"அப்ப என்னதான் சொன்ன?"

"ஒண்ணும் சொல்லல. அறந்தாங்கி பஸ் வந்துச்சு. அவ ஏறினா. நானும் ஏறிட்டேன். அறந்தாங்கியில எறங்கித் திரும்பி வாரேன்."

"அவ்வளவு தூரம் என்ன பேசுனீங்க?"

சிரித்துக்கொண்டே டீயைச் சுடவைக்க எழுந்து போய்விட்டாள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். ஜன்னலோரம் யாருக்கு என்பதிலிருந்து தொடங்கி மீதியை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அறந்தாங்கி வர இன்னும் நேரமிருக்கிறது.