மோட்டார் தொடக்க விழா

சுகுமார் மோட்டாரின் மேல் தார்ப்பாயைப் போர்த்திவிட்டுத் தான் நனைந்துகொண்டு நின்றான். டிராக்டருக்குப் பின்னால் பூட்டிய டீசல் மோட்டார் அது. உறிஞ்சும் குழாய் ஏரிக்கரைத் தெருவின் தண்ணீருக்குள் இறங்கியிருந்தது. தண்ணீரை வெளியே தள்ளும் ஓஸ், மணல் மூட்டைகளைத் தாண்டிக் கால்வாய்க்குள் கிடந்தது. டீசல் நிரம்பியிருந்தது. சாவியைத் திருப்பினால் போதும். ஆனால் கவுன்சிலர் இன்னும் வரவில்லை.

"அவங்க வந்து ஸ்டார்ட் பண்றவரைக்கும் நீ கை வைக்காதே, வெச்சா நாளைலேர்ந்து வேலைக்கு வராதே" என்று கான்ட்ராக்டர் போனில் சொல்லியிருந்தார். இந்த வட்டாரத்தில் அதுதான் வழக்கம். பைப் போட்டாலும் சரி, தெருவிளக்கு மாட்டினாலும் சரி, முதலில் ஒரு பூசணிக்காய், ஒரு சால்வை, ஒரு வீடியோ. வேலை அதற்கப்புறம்தான். மற்ற நாட்களில் அதனால் யாருக்கும் குடி முழுகிப் போய்விடாது. இன்றைக்குத் தண்ணீர் சுகுமாரின் முழங்காலுக்கு மேல் நின்றது.

அவன் வீடும் அதே தெருவில்தான், கோடியில், ஆகப் பள்ளமான இடத்தில். உள்ளே கனகவல்லி கைக்குழந்தையோடு இருந்தாள். ஆபரேஷன் பிரசவம். போன வாரம்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்திருந்தாள். குனியக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது, தையலில் தண்ணீர் படவே கூடாது என்று நர்ஸம்மா அவனையும் பக்கத்தில் நிறுத்திவைத்துச் சொல்லி அனுப்பியிருந்தாள். பெரும்பாக்கத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கலாம். அங்கே ஏழு மாடி ஏற வேண்டும், இருக்கிற இடத்தில் அண்ணன் குடும்பமும் இருந்தது. மழை நின்றதும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருவரும் பேசித்தான் இங்கேயே தங்கினார்கள்.

காலையில் 'நம்ம வார்டு ஷீலா அக்கா' வாட்ஸப் குரூப்பில் வந்த செய்திதான் அவளுக்குத் தெம்பு. ஆதார் முகாம், தெருநாய்களுக்கு ஊசி, பூங்காவில் யோகா, கோலப் போட்டி முடிவுகள், இன்று பிறந்தநாள் காணும் வட்டச் செயலாளர் என்று நாளெல்லாம் மணியடிக்கும் குரூப் அது. மழைநீர்க் கால்வாய்த் திட்டம் தயார் என்று ஒரே வரைபடத்தை வருஷா வருஷம் வேறு வேறு பூ பார்டர் வைத்துப் போடுவார்கள். இன்றைய செய்தி இப்படி இருந்தது: "ஏரிக்கரைத் தெரு மக்கள் அச்சப்பட வேண்டாம். ராட்சத மோட்டார் மூலம் நீர் வெளியேற்றும் பணி இன்று காலை தொடங்கும். மதியம் படகு வரும். என்றும் மக்கள் பணியில், உங்கள் ஷீலா." அந்த ராட்சத மோட்டாரை ஓட்டப்போவது தன் புருஷன்தான் என்று கனகவல்லி பக்கத்து வீட்டுக்காரர்களிடம் பெருமையடித்திருந்தாள். அவர்கள் அதை நம்பி உட்காராமல், அப்போதே பள்ளிக்கூடத்து மாடிக்குக் கிளம்பிவிட்டார்கள்.

போன் அதிர்ந்தது. கனகவல்லியின் குரல் பதிவு.

"மாமா, தண்ணி உள்ள வந்துட்சு. கட்டில் காலு நனஞ்சிகினு கீது. தூளிய ஒரு முடிச்சு மேல ஏத்திக் கட்டிட்டேன். எப்ப மோட்டார் போடுவ?"

அவன் ஸ்டெபினுக்குப் போன் போட்டான். கவுன்சிலரின் செய்திகளையும் வீடியோக்களையும் குரூப்பில் போடுகிறவர் ஸ்டெபின்தான். ஊரப்பாக்கத்தில் ஸ்டூடியோ வைத்துக் கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். "சாப்பாடு குடுத்துட்டிருக்காங்கண்ணா. பத்து நிமிஷம்" என்றார். அதற்கு முன்பு கேட்டபோதும் அதே பத்து நிமிஷம்தான் சொன்னார்.

டிராக்டர் ஓட்டும் குப்பன் சீட்டில் பாலிதீன் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தார்.

"போட்டுத் தொலடா. உன் வூடு முயுவிகினு கீது. நீ இன்னாத்துக்குப் பூசணிக்கா வரட்டும்னு வழி பாத்துகினு நிக்கிற?"

"வேல பூடும்ணா."

"பூட்டுமே. பச்ச ஒடம்புக்காரி உள்ள கீறா."

சுகுமார் சாவியைத் திருப்பினான். மோட்டார் இரண்டு தடவை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. தட்டையாகக் கிடந்த ஓஸ் உப்பி விறைத்தது. கால்வாய்க்குள் தண்ணீர் குபுகுபுவென்று விழும் சத்தம் கேட்டதும் அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. நாளெல்லாம் ஓட வேண்டியிருக்கும் என்று கேனில் இன்னும் டீசல் வாங்கிவரக் குப்பன் நடந்தார்.

மெதுவாகத்தான் இறங்கியது. ஆனால் இறங்கியது. எதிர்ச் சுவரில் ஈரக்கோடு வெளியே தெரிந்தது. அவன் ஓடிப்போய் வீட்டை எட்டிப் பார்த்தான். கனகவல்லி கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு தூளியை ஒரு கையால் பிடித்திருந்தாள்.

"படி தெரியுது மாமா" என்று சிரித்தாள்.

அவன் திரும்பி வரும்போது ஜீப் வந்து நின்றது. கவுன்சிலர் ஷீலா இறங்கினார். புடவை முழங்கால்வரை சேறு. தொண்டை கட்டிப்போயிருந்தது. பாவம், அவரும் விடியற்காலையிலிருந்து நான்கு தெருவில் ஏச்சு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். மோட்டார் ஓடுவதைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"பரவாயில்லையே, வேலை நடக்குதே!"

பின்னால் வந்த ஸ்டெபின் தலையில் கை வைத்தார். "என்னண்ணா, ஸ்டார்ட் பண்ணிட்டீங்க? தொடங்குற ஷாட் இல்லாம எப்படிப் போடறது? ஆஃப் பண்ணுங்க, ஒன் மோர் எடுத்துக்கலாம்."

"ஆஃப் பண்ணக் கூடாது சார். கால்வா மேல கீது, தெரு கீய கீது. ஓஸ வெளிய தூக்கிப் போடாம நிறுத்தினா அந்தத் தண்ணி இது வயியாவே திரும்பி உள்ள வரும். தூக்கறதுக்கு ரெண்டு ஆள் வேணும். குப்பண்ணன் வரட்டும்."

ஷீலா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு நிமிஷம்தானேப்பா. வீடியோ போகலைன்னா இங்க ஒண்ணுமே நடக்கலைம்பாங்க. அடுத்த தடவை இந்த ஒரு மோட்டாரும் கிடைக்காது."

அவர் சொன்னதில் பொய் இல்லை. சுகுமார் சாவியைத் திருப்பினான்.

ஓஸ் ஒரு நொடி தொய்ந்தது. பிறகு உள்ளே ஏதோ ஓடுவதுபோல் நெளிந்தது. உறிஞ்சும் குழாயின் வாயிலிருந்து கால்வாய்த் தண்ணீர் தெருவுக்குள் கொப்பளித்தது. ஸ்டெபின் அதைப் பார்க்கவில்லை, போன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மழையில் கற்பூரம் பற்றவில்லை. முதல் தடவை குடை மேடத்தின் முகத்தை மறைத்தது. இரண்டாவது தடவை மோட்டார் காற்றை வாங்கிக்கொண்டு தண்ணீரை இழுக்க மறுத்தது. சுகுமார் மூடியைத் திறந்து வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினான். அவசரத்தில் கை வழுக்கி மூடி சேற்றில் விழுந்தது. அதைத் தேடியெடுத்துத் திருகிக் கிளப்பியபோது ஸ்டெபின் மறுபடி கத்தினார்.

"அண்ணா, கொஞ்சம் சிரிங்க. எழவு வீடு மாதிரி இருக்கு."

சுகுமார் சிரித்தான். எதிர்ச் சுவரின் ஈரக்கோடு தண்ணீருக்கடியில் போயிருந்தது.

வீடியோ முடிந்த கையோடு ஷீலாவின் போன் அடித்தது. அவர் ஸ்பீக்கரில் போட்டார். பாரதி அவென்யூ குடியிருப்போர் சங்கத் தலைவர் சுப்பராயலு. "மேடம், பேஸ்மென்ட்ல காரெல்லாம் நிக்குது. லிஃப்ட் குழியில தண்ணி இறங்கிடுச்சு. நாங்களும் டாக்ஸ் கட்றவங்கதானே? நேத்தே சொன்னோம்."

"ஏரிக்கரை முடிஞ்சிடுச்சு சார். இதோ அனுப்பறேன்."

"மேடம், இன்னும் முடில மேடம்" என்றான் சுகுமார். "அதோ அந்தக் கோடி வூடு என்னுது. பொண்டாட்டிக்கு ஆபரேஷன் பண்ணிக் கீது. கைக்கொயந்த."

ஷீலா திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே பதறினார். "அடடா, சொல்லக் கூடாதா? மதியம் படகு வருதுப்பா. முதல் நடை உங்க வீட்டுக்குத்தான். ஸ்டெபின், குறிச்சுக்கங்க. அங்க முடிச்சதும் மோட்டாரும் இங்கயே வந்துடும்."

குப்பன் டீசலோடு திரும்பியதும் இருவருமாக ஓஸைத் தூக்கிச் சுருட்டினார்கள். கிளம்புவதற்கு முன் சுகுமார் வீட்டுக்குப் போய், தூக்கிக்கொண்டு போய்விடவா என்று கேட்டான். இடுப்பளவுத் தண்ணீரில், மழையில், பச்சைப் புண்ணோடும் குழந்தையோடும் எப்படிப் போவது என்று கனகவல்லிக்குப் பயம். "அதான் படகு வருதுன்னாங்களே. போ, வேலைய வுட்டுறாதே" என்றாள்.

பாரதி அவென்யூவில் யாரும் பூசணிக்காய் கேட்கவில்லை. டிராக்டர் நிற்பதற்குள் "போடுப்பா, போடு" என்றார்கள். அதே கால்வாய்தான் இங்கேயும் ஓடியது, சற்று மேட்டில். ஓஸை அதற்குள் விட்டு மோட்டாரைப் போட்டான். சுப்பராயலு குடை பிடித்துக்கொண்டு வந்து டீயும் பிஸ்கட்டும் கொடுத்தார். நல்ல மனுஷர். பேஸ்மென்ட்டில் கார்களின் சக்கரம் ஒவ்வொன்றாக வெளியே தெரிய ஆரம்பித்தது.

மதியமாகியும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. குரூப்பில் வீடியோ வந்தது. ஷீலா சாவியைத் திருப்புகிறார், மோட்டார் உறுமுகிறது, பக்கத்தில் சுகுமார் பல் தெரியச் சிரிக்கிறான். கீழே எழுதியிருந்தது: "ஏரிக்கரைத் தெருவில் நீர் முழுவதும் வெளியேற்றப்பட்டது." அதற்கடியில் கைதட்டல்கள் ஏறிக்கொண்டே போயின. 'படகு எங்க மேடம்' என்று எழுதப் பார்த்தான். அந்தக் குரூப்பில் அட்மின் மட்டும்தான் எழுத முடியும். அவனைப் போன்றவர்கள் கை தட்டலாம். ஸ்டெபினுக்குப் போட்டான், எடுக்கவில்லை.

மறுபடி போன் அதிர்ந்தது.

"மாமா, தண்ணியெல்லாம் வெளிய பூட்சுன்னு போட்டுக்கீறாங்க. நீ சிரிச்சிகினு கீற. இங்க ஏறிகினே கீது மாமா. கால்வா மூட்டைக்கு மேல வயியுது. படகு வரல. கட்டில் மேல ஏறி நின்னுகினு கீறேன். தூளிய இன்னொரு முடிச்சு ஏத்திட்டேன். இதுக்கு மேல ஏத்துனா எனக்குக் கை எட்டாது."

சுகுமார் கால்வாயைப் பார்த்தான். ஓஸின் வாயிலிருந்து தண்ணீர் புரண்டு விழுந்துகொண்டிருந்தது. அது எந்தப் பக்கம் போகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. சாவியில் கை வைத்தான்.

"இன்னும் லிஃப்ட் குழி காலியாகலைப்பா" என்றார் சுப்பராயலு. "நிறுத்தினா திரும்பி வந்துடுமாமே? உங்க டிரைவர்தான் சொன்னார்."

அவன் கையை எடுத்தான். "பாத்துக்கோண்ணா" என்று குப்பனிடம் சொல்லிவிட்டுக் கால்வாய்க் கரையில் இறங்கி ஓடினான். சேறு காலை இழுத்தது. செருப்பு ஒன்று கழன்று போனது. அவன் காலையிலிருந்து இறைத்த தண்ணீர், பக்கத்திலேயே, அவனுக்கு முன்னால் ஏரிக்கரைத் தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.