பாசி அடைக்கு உட்கார்ந்தது

பட்டாளத்து ஹெலிகாப்டர்களை எங்கள் ஊரில்தான் அடைக்கு வைக்கிறார்கள். ஊருக்கு மேற்கே, சோளக்காட்டை ஒட்டி அதற்கென்று ஒரு களம் இருக்கிறது. வைக்கோல் பரப்பி, முட்டை வைத்து, முட்டையின்மேல் ஹெலிகாப்டரை உட்கார வைப்பது என் வேலை. கோழியை அடைக்கு வைத்துப் பழகின கை என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். பெரிய வித்தியாசம் ஒன்றுமில்லை. ஹெலிகாப்டர் கொத்தாது, அவ்வளவுதான்.

இப்போது சண்டையெல்லாம் ட்ரோன் சண்டை. ஹெலிகாப்டர் மேலே கிளம்பினால் ஏதோ ஒரு புதருக்குள்ளிருந்து ஒருத்தன் தோளில் குழாயை வைத்துச் சுட்டுவிடுகிறான். இனிமேல் இதற்கு என்ன வேலை என்று பட்டாளத்துப் பெரியவர்கள் கூடி யோசித்தார்கள். இத்தனை பெரிய வயிறு, இத்தனை சூடு, பேசாமல் ட்ரோன் முட்டைக்குத் தாயாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். நல்ல முடிவு. மிஷினில் பொரித்த ட்ரோனுக்குத் தாய் தெரியாது. எதிராளி ஒரு சிக்னல் போட்டு "பா பா" என்று கூப்பிட்டால் அவன் பின்னாலேயே போய்விடும். தாய்க்கு அடியில் பொரித்தது அப்படிப் போகாது.

பாசி வந்த அன்றைக்கு நல்ல வெயில். நிறத்தைப் பார்த்து நான் வைத்த பேர்தான் பாசி. கிணற்றுப் படியில் படர்ந்திருக்குமே, அந்தப் பச்சை. மேஜர் பர்னாந்து அதை ஓட்டிக்கொண்டு வந்து இறக்கினார். தூத்துக்குடிப் பக்கத்து ஆள். இறங்கினவர், மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோல அதன் விலாவில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் என் பக்கம் திரும்பினார்.

பின்னாலேயே ஒரு லாரி வந்தது. அதில் கேஸ் கட்டரும் சிலிண்டரும் இருந்தன. லாரிக்காரன் சின்னராசு வண்டியைத் திருப்பி, ரோட்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

"அது எதுக்குங்க தம்பி?" என்று மேஜரைக் கேட்டேன்.

"இது ஏற்கெனவே ரெண்டு தடவ பாதியில எந்திச்சிட்டும்மா. முட்டை பூரா கூமுட்டை. இந்தத் தடவயும் எந்திச்சிட்டுன்னா இங்கனயே வெட்டி ஏத்திருவாங்க." பாசியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். "எத்தன சண்டையில என்னைய உயிரோட கொண்டாந்து வீட்டுல சேத்திருக்கு தெரியுமா?"

"எதுக்கு எந்திரிச்சுச்சாமா?"

"இடி. யாரோ குண்டு போடுதாங்கன்னு நெனச்சுக்கிடும்."

"இடிக்கு என்ன வெச்சீங்க?"

"ஒண்ணும் வைக்கலியே."

இடிக்குக் காப்பு வைக்காமல் யாராவது அடை வைப்பார்களா? அடைக்கூடையில் ஒரு கரித்துண்டு, ஒரு வரமிளகாய், ஒரு இரும்பு, இந்த மூன்றும் வேண்டும். கரியும் மிளகாயும் என் வீட்டிலிருந்து எடுத்து வந்தேன். இரும்புக்கு மேஜர் தன் சட்டைப் பையைத் துழாவினார். விரல் நகத்தளவு ஒரு சில்லு. ஒரு சண்டையில் பாசியின் வயிற்றில் பாய்ந்ததாம். பிடுங்கி எடுத்து இத்தனை நாளாகப் பையிலேயே வைத்திருந்தார்.

"இது ஆகுமாம்மா?"

"இதுக்கு மேல என்ன வேணும்?" என்று வைக்கோலுக்குள் செருகினேன்.

அடுத்து முட்டையில் ஒரு சிக்கல். பட்டாளத்தில் எல்லாமே டஜன் கணக்கு. பெட்டியில் பன்னிரண்டுதான் இருந்தது. இரட்டைப்படையில் அடை வைக்கிற பழக்கம் எங்களுக்கு இல்லை. மேல்பார்வைக்கு வந்திருந்த பிரிகேடியர் சேஷகிரி ஐயாவிடம் போய்ச் சொன்னேன். அவர் தொப்பியைத் தலைகீழாக மடியில் வைத்து, அதன்மேல் கைக்குட்டையைப் போட்டு மூடி, இரண்டு கையாலும் பிடித்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"பதிமூணாவது முட்டைக்கு உத்தரவு இல்லையேம்மா" என்றார்.

"என்ற வீட்டுக் கோழி முட்டை ஒண்ணு வெச்சுக்கறனுங்."

கொஞ்சம் யோசித்தார். "வெச்சுக்குங்க. அதுவும் முட்டைதானே."

வைத்தேன். பாசி ஒருமுறை அசைந்து, வயிற்றை அகட்டி, மெல்ல இறங்கி உட்கார்ந்தது. நான் அதன் வயிற்றில் காதை வைத்துக் கேட்டேன். பறக்கிறபோது வருகிற படபடப்பு போய், உள்ளே ஆழத்தில் "டொக்... டொக்..." என்று ஒரு சத்தம். அடைச் சத்தம்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

மூன்று வாரமும் ஊருக்குத் திருவிழாதான். பெண்கள் சோறு கட்டிக்கொண்டு பார்க்க வந்தார்கள். எண்ணெய் குடிக்க மட்டும் பாசி தினம் ஒரு தடவை எழுந்திருக்கும். மேஜர் குடத்தோடு தயாராக நிற்பார். சின்னராசு என் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டு, "ஏனுங்கம்மா, எப்பத்தான் எந்திரிக்கும்? சிலிண்டருக்கு வாடகை ஏறுது" என்பான்.

"உன்ற வாயில சூடு வெக்கோணும். இன்னொரு கரண்டி கொழம்பு ஊத்தட்டா?" என்பேன்.

என் கொழுந்தனார் ராசப்பன் வேறு வேலி ஓரமாக வந்து நிற்பார். அவர் பண்ணையில் மிஷின் வைத்து ட்ரோன் பொரிக்கிறார். அண்ணியை எங்கள் பக்கம் நங்கையா என்றுதான் கூப்பிடுவார்கள். "நங்கையா, நான் சுவிச்சப் போட்டா ஆயிரம் பொரியுது. நீங்க ஒரு எருமையப் புடிச்சு வெச்சுக்கிட்டு பன்னெண்டுக்குத் தவமிருக்கறீங்க."

"பதிமூணுங்க" என்றேன்.

பொரிக்க வேண்டிய அன்றைக்கு மத்தியானம், மேற்கே கறுத்தது. காற்று எழும்பி வைக்கோலைக் கிளப்பியது. முதல் இடி தூரத்தில் உருண்டபோது பாசியின் இறக்கை லேசாக ஒரு சுற்றுச் சுற்றியது. சின்னராசு லாரியிலிருந்து எட்டிப் பார்த்தான்.

"வேண்டாம்ளா, உக்காரு. எந்திக்காத" என்று மேஜர் அதன் மூக்கைக் கட்டிக்கொண்டு கெஞ்சினார்.

இரண்டாவது இடி பக்கத்தில் விழுந்தது. இறக்கை வேகம் எடுத்தது. சக்கரம் ஒரு சாண் மேலே வந்துவிட்டது. அடியில் முட்டைகள் பளிச்சென்று தெரிந்தன!

"பஞ்சாரம்! பஞ்சாரத்தத் தூக்குங்க!" என்று கத்தினேன்.

ஊர் கூடி மூங்கிலில் முடைந்த பஞ்சாரம் அது. கோழிக்குக் கவிழ்க்கிற கூடைதான், தென்னை உயரத்துக்கு. களத்து ஓரத்தில் கிடந்தது. ஆணும் பெண்ணும் ஓடி வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். மழை சடசடவென்று கொட்டுகிறது, சேறு வழுக்குகிறது, பஞ்சாரம் அசையவில்லை. ராசப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியைத் தாண்டிக் குதித்தார். "தள்ளுங்க நங்கையா, நான் புடிக்கறேன்!" அப்போதும் ஒரு கை குறைந்தது. திரும்பிப் பார்த்தால் சின்னராசு.

"நீ எதுக்குடா வந்தே?"

"உங்க வீட்டுச் சோறுதானுங்களே தின்னுட்டிருக்கேன்" என்று தோளைக் கொடுத்தான்.

ஏலோ என்று ஒரே தம்மில் தூக்கிக் கவிழ்த்தார்கள். பாசியின் பக்கத்தில் நின்ற நானும் மேஜரும் உள்ளே மாட்டிக்கொண்டோம். இருட்டு. இறக்கை இரண்டு தடவை மூங்கிலை உரசியது, அப்புறம் மெதுவாயிற்று, அப்புறம் நின்றது. சக்கரம் இறங்கியது. வெளியே இடி உடைத்துக்கொண்டு போகிறது. உள்ளே கரி, மிளகாய், சில்லு, நாங்கள் இருவர், மூச்சுவிடாமல்.

"டிக்" என்றது.

"என்னம்மா அது?"

"பேசாதீங்க தம்பி. ஓடு ஒடையுது."

மழை வெறித்ததும் பஞ்சாரத்தைத் தூக்கினார்கள். பாசியின் வயிற்றுக்கடியிலிருந்து குஞ்சுகள் ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்தன. ஈர இறக்கையை உதறிச் சுற்றிப் பார்த்துக்கொண்டு, கீகீ என்று. கடைசியாக மஞ்சளாக ஒன்று வந்தது. பாசி அதையும் தன் சக்கரத்தோடு சேர்த்து அணைத்துக்கொண்டது.

ஆனால் பரீட்சை இன்னும் பாக்கி இருந்தது. தாய் சத்தத்துக்குக் குஞ்சு கட்டுப்படாவிட்டாலும் லாரிதான். எதிராளி மாதிரியே சிக்னல் போடுகிற மிஷினைக் களத்தின் அந்தக் கோடியில் நிறுத்தினார்கள். ஒத்துப் பார்க்க ராசப்பனின் குஞ்சுகளையும் திறந்துவிட்டார்கள். சுவிட்சைப் போட்டதும் அவர் குஞ்சுகள் மொத்தமும் பள்ளிக்கூடம் விட்ட மாதிரி மிஷினைப் பார்த்துப் பறந்தன.

பாசியின் குஞ்சுகள் தலையைத் தூக்கின. மூத்தது நாலடி முன்னால் போனது. பின்னால் இன்னொன்று. மேஜர் கண்ணை மூடிக்கொண்டார்.

பாசி, "டொக்" என்றது. ஒரே ஒரு தடவைதான்.

போனது இரண்டும் திரும்பி ஓடி வந்தன பாருங்கள், அந்த ஓட்டத்தை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன்! பன்னிரண்டும் வயிற்றுக்கடியில் புகுந்துகொண்டன. மஞ்சள் குஞ்சு முதலிலேயே போய் இடம் பிடித்திருந்தது. அப்புறம் அந்தக் கோடியிலிருந்து ராசப்பனின் குஞ்சுகளும் ஒன்று, பத்து, நூறு என்று திரும்பி வந்து, இடமில்லாமல் பாசியைச் சுற்றி மொய்த்துக்கொண்டு உட்கார்ந்தன. மிஷின் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது.

ஊரே கை தட்டியது. சின்னராசு விசில் அடித்தான்.

"நங்கையா, என்றதையும் சேத்து வளத்திப் போடுங்க" என்றார் ராசப்பன்.

மேஜர் பாசியின் விலாவில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

பிரிகேடியர் ஐயா மட்டும் கை தட்டவில்லை. தொப்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்ததால் முடியவில்லை. "லாரிய எடுக்கச் சொல்லுங்க" என்று உத்தரவு கொடுத்தார். வெறும் லாரி போன பிறகு, நடுக்களத்தைத் தாண்டி மெல்ல என்னிடம் வந்தார்.

"அடுத்த அடைக்கும் பன்னெண்டு முட்டைதாம்மா வரும்."

"சரிங்க."

"பதிமூணாவதுக்கு..." என்று இழுத்தார். சுற்றும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தொப்பியின் மேலிருந்த கைக்குட்டையை விலக்கினார். உள்ளே ஒரு முட்டை. வாத்து முட்டையைவிடக் கொஞ்சம் பெரியது. "என்னோடதும்மா. இங்க வந்த அன்னைக்குக் காலைல போட்டேன். அப்பலேர்ந்து கை எடுக்கல."

வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே சிவப்பாக நரம்பு ஓடியிருந்தது.

"கரு இருக்குதுங்க" என்றேன். "சூடு ஆறாம வெச்சிருங்க. பாசி எடம் விட்டதும் வெச்சரலாம்."

அவர் முகம் மலர்ந்துபோனது. தொப்பியைப் பத்திரமாக ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, மறு கையால் நெஞ்சிலிருந்து ஒரு மெடலைக் கழற்றினார்.

"இடிக்கு இது ஆகுமா?"

"ஆகுமுங்க" என்று வாங்கி இடுப்பில் சொருகிக்கொண்டேன். "மொளகா மட்டும் வாங்கியாரச் சொல்லுங்க. வீட்டுல தீந்துபோச்சு."