தனப்பிரியாவுக்குச் செய்த இரண்டாவது கேக்

முழங்கை வரை சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே மொபெட் வந்து நின்றது. என் பொண்டாட்டி சென்னியம்மாளின் அண்ணன் குமாரசாமி, ஜேடர்பாளையத்துக்காரன். வண்டியின் முன்னால் மஞ்சள் பை தொங்கியது. பையைப் பார்த்ததுமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அவன் காட்டில் கடலைக்காய் பிடுங்கினால் முதலில் வேகவைத்ததைத் தங்கச்சி வீட்டுக்குக் கொடுக்காமல் தன் வாயில் ஒரு பருப்புப் போடமாட்டான். வருஷா வருஷம் நடக்கிற முறை அது.

"மச்சான், அங்கயே நில்லு" என்றேன்.

"ஏன் மாப்ள, ஊட்ல எதாச்சும் எழவா?"

"பைய கேட்டுக்கு வெளிய மாட்டு. கையக் கழுவு. பொறவு உள்ள வா."

அவன் பையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "பொறந்தவளுக்குக் கொண்டாந்த கடலக்காய வேலில மாட்டச் சொல்ற. நானென்ன நாய்க்கா கொண்டாந்தேன்?"

"நாய்க்கும் இங்க போடப்புடாது. இன்னைக்கு ஒரு புள்ளைக்குக் கேக்குப் போகுது. அந்தப் புள்ளைக்குக் கடல ஆவாது."

"கடல ஆவாதா. கடலக் காட்டுல பொறந்து கடலக் காட்டுல பொழச்சவன் பேசற பேச்சா இது." அவன் உள்ளே வரவில்லை. ரோட்டோரப் புளியமரத்தடியில் போய் உட்கார்ந்து, பையைப் பிரித்துத் தானே உரித்துத் தின்ன ஆரம்பித்தான். ஒவ்வொரு தோலையும் என்னைப் பார்த்தே வீசினான். வீசட்டும் என்று விட்டுவிட்டு மறுபடி கை கழுவினேன்.

எங்கள் வீடு புதுச்சத்திரத்துக்கு மேற்கே. மகன் அறிவு போர் போடுகிற ரிக் வண்டியோடு வடக்கே போனால் மழைக்குத்தான் திரும்புவான். மருமகள் தமிழினி சேலத்தில் ஒரு பெரிய பேக்கரியில் வேலை பார்த்தவள். முன்பு தறி ஓடிய ஷெட் ஒன்று வீட்டை ஒட்டிச் சும்மா கிடந்தது. அதற்கு டைல்ஸ் ஒட்டி, ஜன்னலுக்கு வலை அடித்து, ஓவன் வைத்து, கடலை, முந்திரி, பாதாம், பிஸ்தா எதுவும் படாத ரொட்டியும் பிஸ்கட்டும் கேக்கும் போடப்போவதாகச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கசாமி காட்டுக் கடலை என்றால் எண்ணெய் கூட நிற்கும் என்று செக்குக்காரனே சொல்வான். அந்தத் தங்கசாமியாகிய என் வீட்டில் கடலை இல்லாத கடை. யார் வருவார்கள் என்று கேட்டேன். "கடல ஆவாதவங்க வருவாங்க மாமா" என்றாள். அப்படி ஒரு வியாதி இருக்கிறது என்பதையே நான் நம்பவில்லை. வசதி உள்ளவர்கள் பிள்ளைகளைக் கொஞ்சுவதற்குக் கண்டுபிடித்த ஒன்று என்றே நினைத்தேன்.

நான் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவனை எடை போடுகிறவனும் ஏமாற்றுவான், உரக்கடைக்காரனும் ஏமாற்றுவான். தராசை நம்பமாட்டேன், ரசீதை நம்பமாட்டேன், சிரித்துப் பேசுகிறவனைக் கொஞ்சமும் நம்பமாட்டேன். கடையில் விற்கிற எண்ணெயை நம்பாமல்தான் எங்கள் வீட்டுக்கு எங்கள் கடலையையே ஆட்டி வைத்திருக்கிறேன். ஊரில் இதைச் சொல்லிக் கேலி செய்வார்கள். தமிழினிக்கு மட்டும் அது பிடித்துப் போனது. ஒரு தடவை மைதா மூட்டை இறக்க வந்த வண்டிக்காரனிடம், "இதுக்கு முந்தி என்னப்பா லோடு ஏத்துன?" என்று சும்மா கேட்டு வைத்தேன். "கடலப் புண்ணாக்குங்க" என்றான். வண்டிக்குள் எட்டிப் பார்த்தேன். மூலை முடுக்கெல்லாம் தூள். அப்படியே திருப்பிக் கொண்டு போகச் சொன்னேன். அவன் திட்டிக்கொண்டே போனான். தமிழினி வாசலில் நின்று பார்த்தவள், "மாமா, உங்க புத்திக்கு இப்பத்தான் ஒரு வேல கெடச்சிருக்குது" என்றாள். அதிலிருந்து ஷெட்டுக்குள் போகிற எந்தச் சாமானும் என் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகாது. ஷெட்டை ஒட்டின துண்டில் இந்த வருஷம் கடலை போடவில்லை, மக்காச்சோளம் போட்டேன். ரோட்டுக்கு அந்தப் பக்கக் காட்டில் மட்டும் கடலை. காற்றையும் நான் நம்புவதில்லை.

இன்றைக்குக் கேக் போகிற பிள்ளையின் அம்மா பிரவீனா, நாமக்கல்லில் டீச்சர். முதல் தடவை வந்தபோது என்னைவிட மோசமான ஆளாக இருந்தாள். உட்காரச் சொன்னால் நாற்காலியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். டீ வேண்டாம் என்றாள். மகள் தனப்பிரியாவுக்கு மூன்று வயதில் ஒரு கல்யாண வீட்டில் யாரோ பாசமாக ஒரு துண்டுக் கடலை மிட்டாய் ஊட்டிவிட்டார்களாம். உதடு வீங்கி, தொண்டை அடைத்து, மூச்சு இழுத்து, ஆஸ்பத்திரி வாசலில் பிள்ளை நீலம் பாரித்துவிட்டது என்றாள். அழாமல், பாடம் நடத்துகிற மாதிரி சொன்னாள். வயிறு ஊதி மூச்சு முட்டிய கன்றுக்குட்டியை நான் மடியில் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தக் கண் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அன்றைக்குத்தான் இது கொஞ்சுவதற்கான வியாதி இல்லை என்று எனக்கு உறைத்தது. அந்தப் பிள்ளை பிறந்த நாளுக்கு இதுவரை கடைக் கேக் வெட்டியதே இல்லையாம். வருஷா வருஷம் வீட்டில் இட்லியின் மேல் மெழுகுவத்தி குத்தி ஊதுவாளாம்.

"இங்க கடலை எங்கயுமே இல்லதானே?" என்று பிரவீனா கேட்டாள்.

தமிழினி வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஏனில்லீங்க, இருக்குது. அந்தா ரோட்டுக்கு அக்கட்டக் காடு பூராக் கடலதான். எங்கூட்ல தாளிக்கறதுல இருந்து வெளக்குப் பத்த வெக்கற வரைக்கும் கடலெண்ணெதான். இந்த ஷெட்டுக்குள்ள மட்டும் இல்ல. நம்பறதுன்னா நம்புங்க."

அவள் எழுந்து போய்விட்டாள். தமிழினி என்னோடு பேசவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேச்சு இல்லை. சென்னியம்மாள்தான், "உங்க வாய்ல வசம்ப வெச்சுத் தேய்க்கோணும்" என்று திட்டினாள். நான் பொய் சொல்லவில்லையே என்று வீம்பாக இருந்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் கலக்கம்தான். அதற்கடுத்த வாரம் பிரவீனாவே போன் செய்தாள். இதுவரை எத்தனையோ கடை ஏறி இறங்கினாளாம். "எல்லாரும் இல்லவே இல்லன்னு சொன்னாங்க. உங்க மாமனார் ஒருத்தர்தான் எங்கெங்க இருக்குதுன்னு சொன்னாரு" என்றவள், பிறந்த நாள் கேக்குக்கும் அப்போதே சொல்லிவிட்டாளாம். தமிழினி போனை வைத்துவிட்டு எனக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்து வைத்தாள். அவ்வளவுதான் சமாதானம்.

அந்தக் கேக்தான் இன்றைக்குப் போக வேண்டியது. விடியும் முன்னே எழுந்து தலைக்குக் குளித்து, ஷெட்டுக்கென்று வைத்திருக்கிற துணியை மாற்றிக்கொண்டு வேலையை ஆரம்பித்தவள் தமிழினி. வெள்ளைக் கிரீம் பூசி, ஓரத்தில் மஞ்சள் பூ வைத்து, நடுவில் தனப்பிரியா என்று பச்சையில் எழுதி, பெட்டியில் வைத்து மூடியாகிவிட்டது. கிளம்புவதற்குச் சேலை மாற்ற வீட்டுக்குள் போயிருந்தாள். பெட்டியைத் தமிழினியின் காரில் தூக்கி வைப்பதற்காகத்தான் நான் கை கழுவியது.

அப்போது ஷெட்டுக்குள்ளிருந்து சென்னியம்மாள் வெளியே வந்தாள். குளித்து, நெற்றி நிறையத் திருநீறு. முகத்தில் அப்படி ஒரு நிறைவு.

"மொதப் பெரிய கேக்கு. கண்ணுகிண்ணு பட்றப்புடாதுன்னு வெளக்கு வெச்சு, எல்லாத்துக்கும் பொட்டு வெச்சுட்டு வாரேன்" என்றாள். வெள்ளிக்கிழமை வேறு.

தமிழினி சேலை முந்தானையைச் சொருகிக்கொண்டே வந்தவள் அப்படியே நின்றாள். "அத்தை, வெளக்குக்கு என்ன எண்ணெ?"

"நம்மூட்டு எண்ணெதான் சாமி. கடை எண்ணெயெல்லாம் கலப்படம்னு உங்க மாமன் வாங்கவே உடமாட்டாரே."

மூவரும் உள்ளே போனோம். ஓவன் பக்கத்தில் சின்ன அகல் அழகாக எரிந்துகொண்டிருந்தது. ஓவன் கதவில் பொட்டு. மேசை விளிம்பில் பொட்டு. இரும்பில் ஒட்டவேண்டும் என்று குங்குமத்தை எண்ணெயில் குழைத்து வைத்திருக்கிறாள். தமிழினி பெட்டியைத் திறந்தாள். கேக் இருக்கிற அட்டையின் ஓரத்திலும் ஒன்று, கடுகு போல, சிவப்பாக, பளபளவென்று.

சென்னியம்மாளுக்கு அப்போதுதான் புரிந்தது. கையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோடு சாய்ந்துவிட்டாள்.

நாங்கள் வெளியே வராததைப் பார்த்துக் குமாரசாமி கேட்டுக்கு வெளியே இருந்தபடியே என்னவென்று கேட்டான். சொன்னேன். "அட, அட்டையோரத்துல ஒரு பொட்டு. தொடச்சுட்டுக் கொண்டுபோய்க் குடுங்க. சொல்லாட்டி எவனுக்குத் தெரியப்போவுது?" என்றான்.

நான் தமிழினியைப் பார்த்தேன். சொல்லக் கூடாதுதான், ஆனால் அந்த நேரத்தில் எனக்கும் ஒரு நப்பாசை ஓடியது. துடைத்தால் போய்விடுமே என்று. இந்த ஒரு கேக் போகாவிட்டால் பிரவீனா டீச்சரின் பள்ளிக்கூடத்து அம்மாக்கள் யாரும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார்கள். மருமகள் இத்தனை நாள் பட்ட பாடு மண்ணாகிவிடும்.

அவள் யாரிடமும் யோசனை கேட்கவில்லை. போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள். "அக்கா, தமிழினி பேசறனுங்க. கேக்கு முடிஞ்சுது. ஆனா எங்கத்தை தெரியாம ஷெட்டுக்குள்ள கடலெண்ணெ வெளக்கு வெச்சுட்டாங்க. அந்தக் கைல அட்டையத் தொட்டுட்டாங்க. அதத் தரமாட்டேன். எல்லாம் கழுவி வேற போடறேன். பொழுதோட ஆயிருமுங்க."

அந்தப் பக்கம் ஏதோ பிள்ளைகள் கத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

"நீங்க கொண்டாற வேண்டாம்" என்றாள் பிரவீனா. "நாங்களே அங்க வர்றோம்."

தமிழினி போனை இடுப்பில் சொருகினாள். "அத்தை, அழுதது போதும். போய் மறுக்காத் தலைக்குச் சீயக்கா போட்டுக் குளிச்சுட்டு வாங்க. எனக்கு ஆள் வேணும்."

அன்றைக்கு அந்த ஷெட் கழுவிய மாதிரி நான் மாட்டைக்கூடக் கழுவியதில்லை. துடைத்த துணியெல்லாம் குப்பைக்குப் போயிற்று. மேசை, சுவர், ஓவன் கைப்பிடி, குழாய்த் திருகு எதையும் விடவில்லை. ஓவன் கதவைச் சோப்புப் போட்டுத் தேய்த்து, கொதிக்கிற தண்ணீரில் துடைத்து, மறுபடி தேய்த்தேன். தட்டு, கரண்டி எல்லாம் புதிதாக எடுத்தாள். திறந்திருந்த மாவையும் சர்க்கரையையும் ஒதுக்கிவிட்டு மூடி பிரிக்காததைப் பிரித்தாள். சென்னியம்மாள் ஈரத் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு முட்டை உடைத்தாள். மருமகள் நீட்டிய பாத்திரத்தை எல்லாம் வாங்கிக் கழுவிக் கழுவிக் கொடுத்தாள். கேக் வெந்து மணம் கிளம்பியபோது, "ஏஞ்சாமி, மஞ்சப்பூ இப்பவும் வெக்கோணுமல்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். "நீங்களே வெய்யுங்க அத்தை" என்றாள் தமிழினி.

முதல் கேக்கை என்ன செய்வது என்று யோசித்தேன். கேட்டுக்குப் போய்க் குமாரசாமியிடம் பெட்டியோடு நீட்டினேன்.

"என்ன மாப்ள இது?"

"கடலக்காய்க்குப் பதில் மொற. ஊட்டுக்குக் கொண்டு போ."

அவன் திறந்து பார்த்தான். "எம் பேரு தனப்பிரியாவா?" என்றான். ஆனாலும் மஞ்சள் பையைக் கைப்பிடியில் மாட்டிவிட்டு, பெட்டியைக் குழந்தையைப் போல மடியில் வைத்துக்கொண்டான். "அவிங்க வந்து திங்கறதப் பாத்துட்டுத்தான் போவேன்" என்றான். புளியமரத்தை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரத்தில் சீமாறு கேட்டு வாங்கி, வீசின தோலை எல்லாம் கூட்டிச் சாக்கில் கட்டிவிட்டான்.

பொழுது சாயும்போது கார் வந்தது. தனப்பிரியா ஒல்லியான பிள்ளை. பட்டுப்பாவாடை, ரெட்டைச் சடை. இறங்கியதும் என்னைத்தான் பார்த்தது.

"தாத்தா, உங்க கைல கடலை இருக்குதா?"

"கழுவியிருக்கறேன் சாமி. இருந்தாலும் தள்ளியே நிக்கறேன்" என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

பிரவீனா ஷெட்டுக்குள் போனாள். ஜன்னல் வலையைத் தொட்டுப் பார்த்தாள். மூடி பிரித்த டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் படித்தாள். ஓவன் கதவை முகர்ந்தாள். எனக்குக் கோபம் வரவில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் முகர்ந்திருப்பேன். சென்னியம்மாள் முன்னால் வந்து, "நாந்தானுங்க அந்தத் தப்பப் பண்ணுனது" என்றாள். பிரவீனா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். "எனக்கும் சாமி கும்புடற மாமியார் இருக்காங்கம்மா" என்றாள். அப்போது அவள் வாயோரம் சிரித்த மாதிரி இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் பிள்ளை இங்கேயே ஒரு வாய் தின்று பார்க்கட்டும் என்றாள். வாசலில் நாற்காலி போட்டோம். அதைத் துடைத்தாள். எப்போதும் கூடவே வைத்திருக்கிற மருந்துப் பையை மடியில் வைத்து ஜிப்பைத் திறந்து வைத்துக்கொண்டாள். தமிழினி ஒரு துண்டு வெட்டினாள். பிள்ளை முதலில் கிரீமை நாக்கால் தொட்டது. அப்புறம் ஒரு கடி. ரோட்டில் முட்டை லாரி ஒன்று போனது. கேட்டுக்கு வெளியே குமாரசாமி எழுந்து நின்றுவிட்டான். பிரவீனா பிள்ளையின் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள், பால் பொங்குவதைப் பார்க்கிற மாதிரி. பிள்ளை மென்றது, விழுங்கியது, அண்ணாந்து காக்காயைப் பார்த்தது, காலை ஆட்டியது.

வெகுநேரம் காத்திருந்தோம். ஒன்றும் ஆகவில்லை.

"அம்மா, இன்னொன்னு" என்றது தனப்பிரியா.

பிரவீனா மருந்துப் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். இன்னொரு துண்டு அவளே வெட்டிக் கொடுத்தாள். அதில் ஒரு ஓரத்தைப் பிய்த்துத் தன் வாயிலும் போட்டுக்கொண்டாள். சென்னியம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கேட்டுப் பக்கமிருந்து, "என்னங்கம்மணி, நல்லாருக்குதா? எனக்கும் ஒன்னு இருக்குது பாருங்க" என்று குமாரசாமி பெட்டியைத் தூக்கிக் காட்டினான். பிள்ளை கெக்கலி கொட்டிச் சிரித்தது. "திங்கக்கிழமை எங்க ஸ்கூல்ல சொல்றேன். நெறையப் பேரு வருவாங்க, தயாரா இருங்க" என்றாள் பிரவீனா. தமிழினி தலையை மட்டும் ஆட்டினாள். மீதிக் கேக்கைப் பெட்டியில் வைத்து மூடினாள்.

பெட்டியைக் காரில் நான் வைக்கவில்லை. அவர்களே வைத்துக்கொண்டார்கள். பிள்ளை பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தது. கை இரண்டிலும் மணிக்கட்டு வரை கிரீம். பிரவீனாவின் தோளில் அந்த ஈரத்துணி கிடந்தது. அவள் எடுக்கவில்லை. கார் திரும்பியபோது தனப்பிரியா எனக்கு டாட்டா காட்டிக்கொண்டே உள்ளங்கையைக் கண்ணாடியில் அழுத்தினாள். ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்தன. நான் பின்னால் கட்டியிருந்த கையை அவிழ்த்து உயர்த்தினேன். கார் மெயின் ரோடு ஏறி நாமக்கல் பக்கம் போகிறவரை மஞ்சள் வெயிலில் அந்தக் கைத்தடம் மினுங்கிக்கொண்டே போனது.