ஹனனேலின் நாக்குக்கு விழுந்த பூட்டு

ஹனனேலுக்குக் கோபம் வந்தால் வாய் முன்னால் ஓடும். புத்தி செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு பின்னால் வரும். அன்று காலையும் அப்படித்தான் ஆயிற்று.

கலிலேயா மலைச்சரிவில், கோழிப் பண்ணைகளுக்கு நடுவே ஒரு கொட்டகையில், அவனும் மனைவி திர்சாவும் பீர் காய்ச்சி விற்றார்கள். காய்ச்சுவது திர்சா. ருசி பார்த்து, 'சரி, போகலாம்' என்று சொல்வது ஹனனேல். அவன் நாக்கு சரி சொல்லாமல் ஒரு பீப்பாய்கூட வாசலைத் தாண்டியதில்லை. அந்த நாக்கைப் பற்றி அவனுக்கிருந்த கர்வத்தைக் கொண்டு இன்னொரு தொட்டியை நிரப்பலாம்.

மறுநாள் பக்கத்து ஊரில் பீர்த் திருவிழா. ஒரு கடைக்கு ஒரு வகைதான். முதல் தொட்டியில் வழக்கமான கோதுமை பீர் இருந்தது. இரண்டாவதில் இருந்தது, அவனைக் கேட்காமலே திர்சா பேரீச்சம்பழம் போட்டுக் காய்ச்சியது. ஒவ்வொரு பழத்தையும் பிளந்து, புழு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்து அனுமதித்தவன் எல்கானா. யூதர்களின் உணவு விதியான கோஷர் முறைப்படி எல்லாம் நடக்கிறதா என்று மேற்பார்வை பார்க்க வருகிற இளைஞன். சண்டை நடந்தபோது அவனும் அங்கேதான் நின்றான்.

"என்னோடதைத்தான் கொண்டுபோறோம்," என்றாள் திர்சா. "ஒரு வாய் குடிச்சுப் பாரு, அப்புறம் பேசு."

"பழம் போட்டா அது பீரா? இருமல் மருந்து!"

"உன் கோதுமை பீரைக் குடிச்சவன் எல்லாம் தண்ணி நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போறான்."

எல்கானா சிரித்துவிட்டான். அதுதான் வினை. ஹனனேல் மேசையைக் குத்தி, "உன் கை பட்ட பீர் இனி என் வாய்க்கு விலக்கு! கடவுள் சாட்சி!" என்று கத்தினான்.

எல்கானாவின் சிரிப்பு நின்றது. "அண்ணே, சபதம் பண்ணிட்டீங்களே."

"சும்மா கோவத்துல சொன்னது தம்பி."

"கோவத்துல சொன்னாலும் சபதம் சபதம்தான். இனி இவங்க கை பட்டதை நீங்க வாயில வைக்கக்கூடாது."

"வைக்கலை, போ. என் கோதுமை பீர் இருக்கு."

"அதுக்கு முளைகட்டின கோதுமையை அரைச்சது யாரு?" என்று கேட்டாள் திர்சா. "கிண்டினது யாரு? தொட்டியைக் கழுவினது யாரு? உங்க அத்தையா?"

அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அவள் கை படாத பீர் அந்தக் கொட்டகையில் ஒரு சொட்டு கிடையாது. மோந்து பார்த்தே தீர்ப்புச் சொல்லிவிடலாம் என்று தொட்டிக்குள் தலையை விட்டான், தும்மல்தான் வந்தது.

எல்கானா வழி சொன்னான். "மூணு பேரைப் பஞ்சாயத்தா உக்கார வைக்கணும். அவங்க முன்னாடி நீங்க மனசார வருத்தப்படணும். அப்புறம் அவங்க சபதத்தை அவிழ்ப்பாங்க."

"திர்சா காதுல விழாம வருத்தப்பட முடியுமா?"

"எனக்குக் காது நல்லாவே கேக்கும்," என்று தொட்டிக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

மத்தியானம் பஞ்சாயத்து கூடியது. எல்கானா, டிராக்டர் மெக்கானிக் ஷப்தாய், தலையில் இறகோடு வந்த கோழிப் பண்ணைக்காரன் பெனாயா. மூவரும் பாட்டில் பெட்டிகளைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தார்கள்.

"எதுக்கு வருத்தப்படுறீங்க?" என்றான் எல்கானா.

"வியாபாரம் கெடுதே!"

"அது வியாபாரத்துக்குப் படுற வருத்தம். சபதத்துக்கு எங்க?"

பெனாயா உதவிக்கு வந்தான். "சரிடா, அந்தப் பழ பீர் நல்லா இருக்குன்னு தெரிஞ்சிருந்தா சபதம் பண்ணியிருப்பியா?"

"நல்லா இருக்கான்னு எனக்கு எப்படிடா தெரியும்? நான் குடிக்கவே இல்லையே!"

"குடிக்காமலேயா இந்தக் கூத்து!" என்றான் ஷப்தாய். பெனாயா சிரித்த சிரிப்பில் பெட்டி உடைந்து தரையில் உட்கார்ந்தான்.

பீர் நன்றாக இருந்தால் சபதமே தப்பாகப் பண்ணியது. நன்றாக இருக்கிறதா என்று குடித்தால்தான் தெரியும். குடிக்கச் சபதம் விடாது. பஞ்சாயத்து யோசித்தது. கடைசியில், நாமே பார்த்துவிடுவோம் என்று முடிவாயிற்று. முதல் கோப்பை விசாரணைக்கு. பெனாயாவுக்குச் சந்தேகம் தீராததால் இரண்டாவது. மூவரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும் என்பதற்காக மூன்றாவது. ஹனனேல் எச்சில் விழுங்கிக்கொண்டு பார்த்தான்.

"பிரமாதம்!" என்றார்கள் ஒரே குரலில்.

"அப்ப அவிழ்த்து விடுங்கடா!"

எல்கானா விரலை உயர்த்தினான். விரல் கொஞ்சம் ஆடியது. "முடியாது. குடிச்சவன் தீர்ப்புச் சொல்லக்கூடாது. நடந்து தெளிஞ்சுட்டு வரணும்."

வேறு வழி? ஆடு ஓட்டுகிறவன் மாதிரி ஹனனேல் அந்த மூவரையும் பேருந்து நிறுத்தம் வரை ஓட்டிக்கொண்டு போனான். ஷப்தாய் பாடினான். இவர்களைப் பார்த்துப் பேருந்து நின்றதும், பெனாயா ஓட்டுநரிடம், "நாங்க நீதிமன்றம், நீங்க போகலாம்," என்றான். திரும்பி மலைச்சரிவில் ஏறும்போது வீட்டுக்கு வீடு ஜன்னல் திறந்தது. என்ன விசேஷம் என்று கேட்டவர்களுக்கெல்லாம், பொய் சொல்லத் தெரியாத எல்கானா, "அண்ணன் குடிக்காத பீர் மேல சபதம் பண்ணிட்டாரு," என்று நிதானமாகப் பதில் சொன்னான்.

ஹனனேலுக்கு மானம் போயிற்று. மானம் போன பிறகு பயம் மட்டும் மிஞ்சியது. அது காலையிலிருந்தே இருந்த பயம். பீர் உண்மையிலேயே நன்றாக இருந்துவிட்டால்? காய்ச்சவும் அவள், புதிதாக யோசிக்கவும் அவள் என்றால், அந்தக் கொட்டகையில் அவன் எதற்கு?

கொட்டகைக்கு வந்ததும் யாரும் கேட்பதற்கு முன்பே சொன்னான். "வருத்தப்படுறேன். வியாபாரத்துக்கு இல்ல. அவ பாடுபட்டுக் காய்ச்சினதை நாக்குல வைக்காமலே திட்டினேன். நல்லா இருந்துடுமோன்னு பயந்துட்டேன்."

மூவரும் தெளிந்திருந்தார்கள். முறைப்படி ஒன்றாகச் சொன்னார்கள்: "உனக்கு அனுமதி. உனக்கு அனுமதி. உனக்கு அனுமதி."

திர்சா ஒரு கோப்பை ஊற்றி நீட்டினாள். அவன் ஒரு வாய் குடித்தான். கண்ணை மூடினான். இன்னொரு வாய் குடித்தான்.

"நல்லா இருக்கு," என்று தொண்டைக்குள் முனகினான்.

"அவங்க மூணு தடவை சொன்னாங்க," என்றாள் திர்சா.

"நல்லா இருக்கு!" என்றான், பெனாயாவின் கோழிகளுக்கே கேட்கும்படி.

மூன்றாவதற்கு எல்லோரும் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருந்தது. அவன் வாய் நிறைய பீர் இருந்தது.