கூண்டில் ஏறிய அண்ணன்

அரியாங்குப்பத்திலிருந்து அண்ணன் வடிவேல், புதிதாக வாங்கிய செல்போனில் கூப்பிட்டான். "இடிஞ்சி கெடந்த பிரெஞ்சுக்காரன் காலத்துக் கோர்ட்ட அதே மாதிரி திரும்பக் கட்டியிருக்காங்களாம். வாயேன், சுத்திப் பாத்துட்டு வரலாம்." தங்கச்சி என்னை ஒரு சினிமாவுக்குக்கூடக் கூட்டிப்போகாதவன்! அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியது.

காரணம் இருக்கிறது. அப்பா சாகும்போது பக்கத்தில் இருந்தவன் அண்ணன் மட்டும்தான். "நெலம் முழுக்க எனக்குத்தான்னு அப்பா சொன்னாரு" என்று அன்றிலிருந்து ஒரே பாட்டு. எனக்குப் பங்கு வேண்டாம் என்று மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னான். எங்கள் ஊரில் அப்படிச் சொல்லிவிட்டால் முடிந்தது, யாரும் மாற்றிப் பேச மாட்டார்கள். நான் பிடிகொடுக்காமல் தட்டிக்கழித்துக்கொண்டிருந்தேன்.

கோர்ட்டு வாசலில் அண்ணனோடு அண்ணி ஆதிலட்சுமியும் நின்றாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

அங்கே இப்போது வழக்கெல்லாம் கிடையாது. டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம். உள்ளே பெயின்ட் வாசனை. நீதிபதியின் உயரமான நாற்காலி காலியாக இருந்தது. சுற்றிக் காட்டிய பெண், "சாட்சிக் கூண்டுல யார் வேணும்னாலும் ஏறி போட்டோ எடுத்துக்கலாம்" என்றாள். அண்ணன் சட்டைப்பையிலிருந்து கற்பூரத்தை எடுத்தான்.

"ஐயோ சார், இங்க நெருப்பு பத்தவைக்கக் கூடாது!"

"கற்பூரம் இல்லாட்டி போவுது. அஞ்சலாட்சி, நீ ஏறு. கோயிலுக்குத்தான் வரமாட்டேன்ன. இது கோர்ட்டு. பங்கு வேணாம்னு இங்க சொல்லிடு."

நான் நினைத்தது சரிதான். இது வேடிக்கை பார்க்கிற கோர்ட்டு என்றுகூட இந்த மனிதனுக்கு உறைக்கவில்லை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

"நீ மொதல்ல ஏறுண்ணே. அப்பா சொன்னத நீ சத்தியமா சொல்லு. அப்பறம் நான் ஏறுறேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். காலி நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டான். வாயைத் திறந்தான், மூடினான். முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"சொல்லுங்களேன்" என்று அண்ணி பல்லைக் கடித்தாள்.

"அப்பா அப்பிடி சொல்லல" என்றான் அண்ணன், நாற்காலியிடம். "தங்கச்சிய உட்டுடாதடா, அவளுக்கும் பாதி குடுன்னுதான் சொன்னாரு."

சுற்றிப் பார்க்க வந்தவர்கள் நாடகம் என்று நினைத்துக் கைதட்டினார்கள்.

நிலம் கிடைத்த சந்தோஷம் எனக்கு வரவில்லை. பெண்தானே என்று அப்பா என்னை மறந்துவிட்டார் என நம்பி, போன மாதம் அவருடைய முதல் வருஷத் திதிக்குக்கூட நான் போகவில்லை.